புஷ்பவள்ளியின் குட்டித் தலகாணி

அப்பாடா. இப்பத்தான் மூச்சு விடுறேன். கல்யாணம் முடிஞ்சு, வாடகைக்கு எடுத்த அண்டா குண்டானெல்லாம் திருப்பிக் குடுத்து, வீட்டுல தங்கியிருந்த கூட்டமும் கிளம்பிப் போயாச்சு. இனிமே காலை நீட்டி உட்கார்ந்து பேசலாம். என் தம்பி பொண்டாட்டி புஷ்பவள்ளி கதைய நான்தான் சொல்லணும். அவ சொன்னா பாதிய முழுங்கிடுவா. என் தம்பி லெட்சுமணன் சொன்னா முழுசையும் முழுங்கிடுவான்.

நான் தனபாக்கியம். என் வீட்டுக்காரர் போனதுலேர்ந்து சிம்பாங் ரெங்கத்துல தம்பி வீட்டோடதான் இருக்கேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு இந்தத் தாமான்ல இருக்கிற அத்தனை வீட்டுலயும் சொல்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும், எனக்கென்ன. இந்த வாய் இல்லாம இருந்திருந்தா என் தம்பி மவ கல்யாணம் வேற மாதிரி ஆகியிருக்கும்.

புஷ்பா பண்டார் தெங்காரா பக்கத்துப் பொண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி பத்து பாகாட் டவுன்ல ஒரு டீ-சட்டை பேக்டரில வேலை. அங்க ஒவ்வொருத்தருக்கும் சட்டையில ஒரு துண்டுதான். இவளுக்குக் கழுத்துப் பட்டி. காலையில போனா கழுத்துப் பட்டி, சாயங்காலம் வரைக்கும் கழுத்துப் பட்டி. அந்தச் சட்டைக்குக் கை எப்படி இருக்கும், கீழ எப்படி முடியும்னு பார்க்காமலே வருஷக்கணக்கா தைச்சிருக்கா. "ஒரு முழுச் சட்டை தைக்கணும்கிற ஆசையிலதான் அண்ணி உங்க தம்பியக் கட்டிக்கிட்டேன்"னு என்கிட்ட சொல்லிச் சிரிப்பா. அவன் முதல்ல வாங்கிக் குடுத்தது தங்கமும் இல்ல, டிவியும் இல்ல, தையல் மிஷின்.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் கடையில தைச்ச துணி போட்டதில்ல. அவங்க மவ பிரவீனா பள்ளிக்கூடத்துக்குப் போட்ட பாஜு கூரோங், லெட்சுமணன் தீபாவளி ஜிப்பா, என் ரவிக்கை, உள்பாவாடை, தலகாணி உறை, மார்க்கெட் பை, எல்லாம் அவ கை. ஒரு தடவை பத்து பாகாட்ல ஏதோ துணிக்கடைய மூடுறாங்கன்னு மயில் கழுத்து நிறத்துல ஒரு முழுக் கட்டைத் தூக்கிட்டு வந்துட்டா. அந்தத் தீபாவளிக்கு நாங்க எல்லாரும் மயில் கழுத்து. ஜன்னல் திரையும் மயில் கழுத்து, சோபா உறையும் மயில் கழுத்து. பலகாரம் வாங்க வந்த பக்கத்து வீட்டுச் சீனத்தம்மா, ஜன்னல் ஓரமா நின்ன என் தம்பிய வச்சுக்கிட்டே, "உன் தம்பி எங்க போயிட்டான்?"னு என்கிட்ட கேட்டாங்க. அவனும் பேசாம நின்னான், மடையன்.

ஏன்டி இப்படி மெனக்கெடுறே, கடையில இல்லாத துணியான்னு நான் கத்துவேன். "கடைச் சட்டை யாரோ ஒருத்தருக்குத் தைச்சது அண்ணி, நமக்குத் தைச்சதில்ல"ன்னுவா. அதுக்கு மேல அவகிட்ட பேச முடியாது.

அந்தத் தையல்தான் அவளுக்கு முதல்ல காட்டிக் குடுத்தது. புது ரவிக்கையப் போட்டுப் பார்க்கிறப்ப இடது பக்கம் மட்டும் துணி இழுத்துச்சாம். கை தப்பிடுச்சுன்னு நினைச்சுப் பிரிச்சுத் தைச்சிருக்கா. மறுபடியும் இழுத்துச்சு. மறுபடியும் பிரிச்சா. கடைசியில தப்பு தையல்ல இல்லன்னு அவளுக்கே தெரிஞ்சுபோச்சு. கட்டி.

ஜொகூர் பாருல பெரிய ஆஸ்பத்திரில ஆபரேஷன். இடது மார்ப எடுத்துட்டாங்க. அப்புறம் மருந்து ஏத்தினாங்க, முடி கொட்டுச்சு. முடி கொட்டினதுக்கு அவ அழவே இல்ல. வெட்டுத் துணிய ஒண்ணு சேர்த்து அழகழகா தொப்பி தைச்சுப் போட்டுக்கிட்டா. அதைப் பார்த்து வார்டுல இருந்த மத்த பொம்பளைங்களும் கேட்க, அவங்களுக்கும் தைச்சுக் குடுத்தா. சிகிச்சையெல்லாம் முடிஞ்சு, "நல்லா இருக்கு, இனிமே செக்கப்புக்கு மட்டும் வாங்க"ன்னு டாக்டருங்க சொன்னப்ப நான் மாரியம்மன் கோயில்ல தரையில விழுந்து கும்பிட்டேன்.

ஆனா அவ தேறினது மத்தவங்களுக்கு மட்டும்தான். தனக்குன்னு ஒரு தையல்கூடப் போடல. என் தம்பியோட தொளதொள டீ-சட்டையப் போட்டுக்கிட்டு, தோள்ல ஒரு துண்டைப் போட்டு முன்னால இழுத்துவிட்டுக்குவா. பொம்பளை துண்டு போட்டுக்கிட்டுத் திரியறதைப் பார்த்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். குளிக்கிறப்ப கண்ணைக் கூரையில வச்சுக்கிட்டுத்தான் குளிப்பா. எனக்குத் தெரியும், ஆரம்பத்துல தண்ணி ஊத்திவிட்டதே நான்தான். அந்தத் தழும்ப அவ ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. அந்த இடத்துல உணர்ச்சியும் கிடையாது. நான் தொட்டாலும் தெரியாது, சுடுதண்ணி பட்டாலும் தெரியாது.

ஆஸ்பத்திரில, ரவிக்கைக்கு உள்ள வச்சுக்கிறதுக்கு ரெடிமேட் மார்பு ஒண்ணு வாங்கச் சொன்னாங்க, வாங்கினோம். ஜெல்லி மாதிரி இருக்கும். நம்ம வெயிலுக்கு அது உடம்புல ஒட்டி வேர்த்துக் கொட்டுச்சு. "யாரோட அளவோ அண்ணி இது"ன்னு சொல்லி அலமாரியில வச்சுப் பூட்டிட்டா.

அந்தச் சமயத்துலதான் பிரவீனாவுக்கு இடம் அமைஞ்சது. மாப்பிள்ளை வசந்தன், பத்து பாகாட் பையன். ரெண்டும் சிங்கப்பூர்ல ஒரே கம்பெனியில வேலை பார்த்து, ஒண்ணுக்கொண்ணு பிடிச்சுப்போய் வந்து நின்னதுங்க. தங்கமான பையன். பரிசம் போட வந்த அன்னிக்குப் புஷ்பா சேலை கட்டணுமே? பழைய தலகாணியிலேர்ந்து இலவம்பஞ்சை எடுத்து, பாவாடைத் துணியில வட்டமா ஒண்ணு தைச்சு ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டா. அதுக்குக் குட்டித் தலகாணின்னு பேரு வச்சதும் அவதான். கண்ணாடியில பார்த்தோம், நல்லாத்தான் இருந்துச்சு.

பஞ்சு லேசு. அதை நாங்க யோசிக்கல. தட்டை வாங்கக் குனிஞ்சா, நிமிர்ந்தா, பந்தி பரிமாறினா. ஒவ்வொரு அசைவுக்கும் அது ஒரு படி மேல ஏறியிருக்கு. அவளுக்குத்தான் அங்க உணர்ச்சி இல்லையே. சம்பந்தியம்மா ஒண்ணும் தெரியாத மாதிரி அவ முந்தானைய இழுத்துவிட்டாங்க, நல்ல மனுஷி. ஆனா யாரோ எடுத்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப்ல வந்துடுச்சு. அதுல தோள் எலும்புக்குப் பக்கத்துல ஒரு புடைப்போட புஷ்பா சிரிச்சுக்கிட்டே வடை வைக்கிறா. அவ அதைப் பார்த்தா. போனைக் கவுத்து வச்சுட்டு எழுந்து போயிட்டா.

ரெண்டு நாள் கழிச்சு அடுப்படியில என்கிட்ட மெதுவா ஆரம்பிச்சா.

"அண்ணி, பிரவீனாவ ராஜசேகரன் அண்ணனும் இந்திராணி அண்ணியும் தாரை வார்த்துக் குடுக்கட்டும். நான் போன்ல பேசிட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க."

ராஜசேகரன் எங்க பெரியப்பா மவன், பண்டார் தெங்காராவுல இருக்கான். அவன் பொண்டாட்டி இந்திராணியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா விடிஞ்சிடும்.

"ஏன், நீ செத்தா போயிட்ட?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, வாயில வந்துடுச்சு. "பொண்ணு கையப் புடிச்சு மாப்பிள்ளை கையில அப்பன் வைக்கணும், ஆத்தாக்காரி செம்புத் தண்ணிய ஊத்தணும். ஜோடியா நின்னாத்தான் அது. நீ நிக்கலன்னா என் தம்பியும் நிக்க முடியாது. பெத்த பொண்ண இன்னொருத்தன் தாரை வார்க்க, அவன் கீழ நாற்காலில உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணுமா?"

"எல்லாரும் அங்கதான் பார்ப்பாங்க அண்ணி. கேமரா ரெண்டு வைக்கிறாங்களாம். கையத் தூக்கித் தண்ணி ஊத்தணும். ஊத்துறப்ப அது மேல ஏறுச்சுன்னா? பிரவீனா கல்யாண வீடியோவுல காலத்துக்கும் அது நிக்கும்."

நான் நிக்கலாம்னா, தாலி அறுத்தவள மேடையில ஏத்த மாட்டாங்க. அது ஒரு தனிச் சண்டை, அதை இன்னொரு நாளைக்குப் போட்டுக்கிறேன். பிரவீனா விஷயத்தைக் கேட்டுட்டுக் குதிச்சா. "அலமாக், என்னம்மா இது? நீங்க நிக்கலன்னா ரிஜிஸ்டர் பண்ணதோட போதும். எனக்குக் கோயில் கல்யாணமே வேணாம்"னா. ஆத்தாளுக்கும் மவளுக்கும் பேச்சு நின்னுபோச்சு. புஷ்பா ஒரு பக்கம் கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கெல்லாம் தாம்பூலப் பை தைச்சுக்கிட்டு இருக்கா, மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை, பொண்ணோட தோழிங்களுக்குப் பூ வச்ச கைப்பை. தன் ரவிக்கைத் துணிய மட்டும் மடிச்ச மடிப்புக் கலைக்கல. லெட்சுமணன்? அவன் விடியக் கருக்கல்ல மோட்டார் சைக்கிள்ல சிங்கப்பூர் வேலைக்குப் போறவன், இருட்டினப்புறம் வர்றவன். "அவ இஷ்டம்கா"ன்னான். சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். கண்ணு கலங்கினது எனக்குத் தெரியாதா என்ன.

எனக்குப் பொறுக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை அவளை அடுப்படிக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"பஞ்சு ஏறுதுன்னா, ஏறாத பொருளப் போடு. இத்தனை டப்பா இருக்கு, ஒண்ணுகூடவா தேறாது?"

முதல்ல முறைச்சா. அப்புறம் அவளுக்குள்ள இருந்த தையல்காரி முழிச்சுக்கிட்டா. சின்னத் துணிப்பையில அரிசியப் போட்டுப் பார்த்தா, குத்துச்சு. ஜவ்வரிசி கெட்டியா நின்னுச்சு, ஒட்டி உட்காரல. கடுகு தையல் வழியா தரையெல்லாம் ஓடுச்சு, அதைக் கூட்டினவ நான். கடைசியில பச்சைப்பயறு. ஒரு கையில பயத்தம் பையைத் தூக்கி, இன்னொரு கையால வலது பக்கத்தத் தாங்கி எடை பார்த்தா பாருங்க, எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. "இன்னும் ஒரு பிடி போடு"ன்னேன். "சும்மா இருங்க அண்ணி, எனக்குத் தெரியாதா"ன்னு அவளும் சிரிச்சிட்டா. பரிசத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சா.

பயறு வழுக்கிக்கிட்டு உடம்போட வாட்டத்துக்கு உட்காரும். எடையும் சரி. மெல்லிசான பருத்தித் துணியில பை, அதைச் சுத்தி மெத்துன்னு ஒரு உறை, ரவிக்கைக்கு உள்பக்கம் அதுக்கு ஒரு பாக்கெட். போட்டுக்கிட்டுக் குனிஞ்சா, குதிச்சா, கையத் தூக்கினா. ஒரு இஞ்ச் நகரல. "அண்ணி, என் தோள் ரெண்டும் சமமா இருக்கு"ன்னா. ஒரு பக்கம் எடை இல்லாம இத்தனை மாசமா சாய்ஞ்சு நடந்திருக்கா, எங்களுக்கு அது தெரியவே இல்ல.

மறுநாளே துண்டு போயிடுச்சு. ராத்திரிச் சந்தைக்கு, பாசார் மாலாமுக்கு, ரவிக்கை சேலையில நடந்து வந்தா. ராஜசேகரனுக்குப் போன் பண்ணி, "நாங்களே நிக்கிறோம் அண்ணே, மன்னிச்சுக்குங்க"ன்னா. கல்யாண ரவிக்கைத் துணிய விரிச்சு வெட்டினா. பிரவீனா ஆத்தா கழுத்தக் கட்டிக்கிட்டுத் தொங்காத குறை. எல்லாம் சரியாப் போச்சுன்னு நான் நிம்மதியா இருந்தேன்.

மார்கழி மழை பிடிச்சுது. இங்க மார்கழின்னா மழை விடாம ஊத்தும், துணி காயறது பெரும்பாடு. புஷ்பா சுத்தக்காரி. அன்னன்னைக்குப் போட்டதை அன்னன்னைக்கே அலசிப் போடுவா. அந்தப் பயறு போட்ட குட்டித் தலகாணியையும் அப்படித்தான் ஒரு முக்கு முக்கி, பிழிஞ்சு, விசிறிக்குக் கீழ போட்டு, காலையில எடுத்து வச்சுக்குவா. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டு பேரும் பொறந்ததுலேர்ந்து சமைக்கிறவளுங்க. எங்க ரெண்டு பேர் மண்டைக்கும் ஏறல.

தையில கல்யாணம், அதுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கும். அவ கல்யாண ரவிக்கை, கை வைக்காம அப்படியே மிஷின் மேல கிடந்துச்சு. பழையபடி துண்டு வந்துடுச்சு. சோறு இறங்கல. ஒரு நாள் கதவோரமா போன்ல, "அண்ணே, நீங்களே நிக்கிற மாதிரி ஆனாலும் ஆகும், தயாரா இருங்க"ன்னு ராஜசேகரன்கிட்ட கிசுகிசுக்கிறது என் காதுல விழுந்துச்சு. வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம். கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கட்டில்ல உட்கார வச்சேன். கிட்ட வந்தப்பத்தான் ஒரு புளிச்ச வாடை.

"என்னடி இது?"

அவ துண்டை இழுத்து மூடிக்கிட்டா. கண்ணுல தண்ணி முட்டுச்சு.

"சொல்லப் போறியா, லெட்சுமணனக் கூப்பிடவா?"

"ஈரமா வருது அண்ணி. நாலஞ்சு நாளா. ரவிக்கையெல்லாம் நனையுது, நாத்தம் அடிக்குது. கனமா இறுக்கிப் பிடிக்குது. திரும்ப வந்துடுச்சுன்னு நினைக்கிறேன்."

நான் அவ தோளப் பிடிச்சேன்.

"பார்த்தியா? அந்த எடத்த நல்லாப் பார்த்தியா?"

"என்னால பார்க்க முடியாது அண்ணி. உங்களுக்குத் தெரியுமே. கண்ணை மூடிக்கிட்டுத்தான் துடைக்கிறேன். கல்யாணம் முடியட்டும். பொண்ணு நல்லபடியா போயிடட்டும். அப்புறம் என்னவோ ஆகட்டும். பிரவீனாவுக்குத் தெரிஞ்சா கல்யாணத்த நிறுத்திடுவா. உங்க தம்பி தாங்க மாட்டாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்க காலப் பிடிச்சுக் கேட்கிறேன்."

நிஜமாவே குனிஞ்சா. நான் தூக்கி நிறுத்தினேன். பளார்னு ஒண்ணு விடலாம்போல இருந்துச்சு, அவளைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழலாம்போலவும் இருந்துச்சு. ரெண்டையும் செய்யல. கார் சாவிய எடுத்தேன்.

"யார்கிட்டயும் சொல்லல. இப்ப நீ என்கூட வர்ற. வரலன்னா இங்கேயே நின்னு தாமான் முழுக்கக் கேட்கக் கத்துவேன். எனக்கு வெட்கம் மானம் ஒண்ணும் கிடையாது, உனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். வந்தா.

மழையில என் பழைய காஞ்சில் காரை எப்படி ஓட்டினேன்னு இப்பவும் தெரியல. டவுன்ல ஒரு மலாய்க்கார லேடி டாக்டர் கிளினிக் வச்சிருக்காங்க. போற வழியெல்லாம் அவ ஜன்னலப் பார்த்துக்கிட்டே வந்தா. "அந்த ரவிக்கைய நீங்க கை வச்சு முடிச்சிடுங்க அண்ணி, பிரவீனாவுக்குப் பின்னால உதவும்"னா. வண்டி ஓட்டுறவகிட்ட பேசற பேச்சா இது? வாய மூடிக்கிட்டு வாடின்னேன். முத்துமாரி, இவள விட்டுடு, கணக்கு வழக்கு எதுன்னாலும் என்னை எடுத்துக்கோன்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டே போனேன். எனக்கு அவ தம்பி பொண்டாட்டியா? கூடப் பொறந்தவளா? அதெல்லாம் பிரிச்சுச் சொல்ற காலம் போயிடுச்சு.

டாக்டர் அவளப் படுக்க வச்சாங்க. குட்டித் தலகாணிய எடுத்துப் பக்கத்து ட்ரேயில போட்டாங்க. பொத்துன்னு சத்தம் கேட்டுச்சு. புஷ்பா கூரையப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தா. டாக்டர் தழும்ப அழுத்தினாங்க, சுத்தி அழுத்தினாங்க, அக்குள்ல விரல வச்சு ரொம்ப நேரம் தேடினாங்க. நான் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் கையுறையக் கழட்டாம, ஏதோ கணக்கு உதைக்கிற மாதிரி புருவத்தச் சுருக்கினாங்க.

"இங்க காய்ஞ்சுதான் இருக்கு. தோல் கொஞ்சம் சிவந்திருக்கு, அவ்வளவுதான். ஈரம் எங்கேர்ந்து வருது?"

திரும்பி ட்ரேயப் பார்த்தாங்க. குட்டித் தலகாணியத் தூக்கினாங்க. அது புடைச்சுப்போய் முன்ன இருந்ததுக்கு ஒன்றரைப் பங்கா இருந்துச்சு. தையல் ஓரத்துல வெள்ளையா, வளைஞ்சு வளைஞ்சு, புழு மாதிரி என்னமோ எட்டிப் பார்த்துச்சு. நான் "ஐயோ முருகா"ன்னு கத்திட்டேன். டாக்டர் இடுக்கியால அதுல ஒண்ணப் பிடிச்சு இழுத்தாங்க. வெளிச்சத்துல வச்சுப் பார்த்தாங்க. அவங்க வாய் கோணிச்சு. சிரிப்ப அடக்குறாங்கன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

"இனி தவுகே லா, கா"ன்னாங்க மலாய்ல, இது தவுகேதான் அக்கான்னு.

தவுகே! கோய்த்தியாவ் நூடுல்ஸ்ல போடுவானே, முளைவிட்ட பயறு, அதேதான். தினம் தண்ணியில முக்கி, உடம்புச் சூட்டுல வச்சு, மழைக்குக் காயாம மறுபடியும் வச்சு, புஷ்பா தன் நெஞ்சுல ஒரு பிடி பச்சைப்பயற முளைகட்ட வச்சிருக்கா. பாதி முளைச்சு, பாதி அழுகி, அந்தத் தண்ணிதான் ஒழுகியிருக்கு. அந்த நாத்தம்தான் நாத்தம்.

நான் சிரிச்சேன் பாருங்க. நர்ஸ் ஓடி வந்து பார்த்துச்சு. சிரிச்சுச் சிரிச்சு நாற்காலில உட்கார்ந்து அழுதுட்டேன். புஷ்பா மட்டும் சிரிக்கல. "நிஜமாவா? புண்ணு இல்லையா? உள்ளேர்ந்து வரலையா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டா.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்களே பாருங்க"ன்னு டாக்டர் அவ முதுகத் தாங்கி உட்கார வச்சு, ஒரு கைக்கண்ணாடியக் குடுத்தாங்க.

அவ கண்ணாடியக் கையில வச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. மெதுவா கண்ண இறக்கினா. ரொம்ப நேரம் பார்த்தா. விரலால அந்தக் கோட்டத் தொட்டா, இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் தடவினா.

"இவ்ளோதானா அண்ணி?"

"இவ்ளோதான்டி."

"இதுக்கா நான் இத்தன நாளா பயந்தேன்? நான் தைச்சிருந்தா இன்னும் கொஞ்சம் நேரா தைச்சிருப்பேன்."

அப்பத்தான் சிரிச்சா. டாக்டரும் சிரிச்சாங்க. ஆனா சும்மா அனுப்பிடல. தோலுக்குப் பூச மருந்து குடுத்து, எதுக்கும் பார்த்துடலாம்னு பெரிய ஆஸ்பத்திரிக்கும் சொல்லி செக்கப்ப முன்னாடியே வைக்கச் சொன்னாங்க. அங்க ஸ்கேன் எடுத்து, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. அந்தச் சேதிய வாங்குற வரைக்கும் நான் தைரியமா இருக்கிற மாதிரி நடிச்சேன். வாங்கினதும் ஆஸ்பத்திரி கேண்டீன்ல உட்கார்ந்து ரெண்டு ரொட்டி சானாய் தின்னேன்.

அன்னிக்குக் கிளினிக்லேர்ந்து வீட்டுக்கு வந்ததும் அவ முதல் வேலையா வாணலியப் போட்டா. புதுசா பச்சைப்பயற எடுத்து, சிறு தீயில நல்லா வறுத்தா. "இனிமே எப்படி முளைக்கும்னு பார்க்கிறேன்"னா. ஆறவச்சு, புதுப் பையில கட்டினா. உறைய மட்டும் தனியாக் கழட்டித் துவைக்கிற மாதிரி இந்தத் தடவை கொக்கி வச்சா. வீடெல்லாம் வறுத்த பயறு வாசனை. வேலை விட்டு வந்த லெட்சுமணன் வாசல்லயே மோப்பம் பிடிச்சுட்டு, "என்ன, பாயசமா?"ன்னான். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தி மேல ஒருத்தி விழுந்து சிரிச்சோம். அப்புறம் அவ அவன உள்ள கூப்பிட்டு உட்கார வச்சு, எல்லாத்தையும் சொன்னா. நான் வெளிய வந்து கதவைச் சாத்திட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்தவன் மூக்கு செவந்திருந்துச்சு.

இந்திராணிக்கு நானே போன் பண்ணினேன், "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், பெத்தவங்களே நிக்கிறாங்க"ன்னு. அதுக்குள்ள அவ சேலை எடுத்து வச்சுட்டாளாம். கட்டிக்கிட்டு வந்து முன் வரிசையில உட்காரட்டுமே, யாரு வேணாங்கிறா.

கல்யாணத்தன்னிக்கு மழை விட்டுடுச்சு. கோயில் மண்டபம் நிறைய ஜனம். புஷ்பா வாடாமல்லி ரவிக்கையில, பட்டுச் சேலையில மேடை ஏறினா. முடி இப்பத்தான் கழுத்து வரைக்கும் வளர்ந்திருக்கு, அதுல ஒரு முழம் மல்லி. கேமரா ரெண்டும் முன்னாலதான் நின்னுச்சு. நான் கீழ தூணுக்குப் பக்கத்துல நின்னேன், கண்ணு அவ தோள் பக்கமே.

ஐயர் மந்திரம் சொல்ல, லெட்சுமணன் மவ கையப் பிடிச்சு வசந்தன் கையில வச்சான். புஷ்பா ரெண்டு கையாலயும் செம்பத் தூக்கினா. முந்தானை ஒரு பக்கம் சரிஞ்சுது. அவ அதைக் கண்டுக்கல. தண்ணி சீரா இறங்குச்சு. ஐயர் போதும்மாங்கிற வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாம ஊத்தினா.

பிரவீனா எழுந்து திரும்பி ஆத்தாளப் பார்த்தா. ஆபரேஷனுக்கு அப்புறம் புஷ்பா யாரையும் நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சதே இல்ல. மவ கட்டிக்கிட்டாலும் தோளத்தான் காட்டுவா. அன்னிக்கு, அத்தன பேரு முன்னாடி, செம்ப என் தம்பி கையில குடுத்துட்டு, மாலையும் கழுத்துமா நின்ன பொண்ண அப்படியே இழுத்து நெஞ்சோட நெஞ்சா அணைச்சுக்கிட்டா. மாலைப் பூவெல்லாம் நசுங்குச்சு. ஐயர் நேரமாகுதுங்கிறாரு, கேமராக்காரன், "ஆண்ட்டி, இங்க பாருங்க, ஆண்ட்டி"ங்கிறான். அவ விடவே இல்ல.